முட்டுக் கொடுத்த மூங்கில்

லம்பூன்
புத்த ஆண்டு 2541, செப்டம்பர் 12

தம்பி இன்சோனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் உடம்பு, வீடு, கொட்டகை மூன்றும் சுகம். உன் இரத்த அழுத்தம் எப்படி? ராத்திரி தூக்கம் வருகிறதா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்"மை நான் வரவில் வைப்பதா செலவில் வைப்பதா? அதனால்தான் கடிதம். காகிதத்தில் "ம்" என்று எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

லம்யாய்ப் பழ அறுவடை முடிந்துவிட்டது. கடைசி மூட்டை உலர்பழமும் நேற்று லிம் முதலாளியின் லாரியில் ஏறிப் பாங்காக் போய்விட்டது. அங்கிருந்து சீனாவுக்குக் கப்பல். இந்த வருடமும் என் கொட்டகையில் பழம் பிரித்தவர்கள், அடுப்புப் பார்த்தவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். இளசுகள் தொழிற்பேட்டைக்கும் பாங்காக்குக்கும் போன பிறகு எனக்கு மிஞ்சியவர்கள் இவர்கள்தான் என்று முன்பெல்லாம் சலித்துக்கொள்வேன். போன வருடம் பாங்காக்கில் கம்பெனிகள் மூடி, கட்டடங்கள் பாதியில் நின்று, பிள்ளைகள் துணிமூட்டையோடு ஊருக்குத் திரும்பினார்களே, அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? கம்னோய் அக்காவின் மகன் பாங்காக்கில் கிரேன் ஓட்டியவன். இப்போது அம்மாவின் பழம் பிரிக்கிற கூலியில் சிகரெட் பிடிக்கிறான். நான் அவனிடம் கேட்டே விட்டேன். "என்னடா, நாட்டோட பொருளாதாரத்த எங்க கம்னோய் அக்காதான் இழுக்குதாமே?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இந்த மாதக் கடைசியில் உனக்கு ஓய்வு. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. எலிகள் வாடகை தராமல் குடியிருக்கின்றன. நீயாவது வா. மலைக்காற்று உனக்கு நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
புவாலா

---

பாங்காக்
2541, செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். இரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. உன் மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

நேற்று எனக்குப் பிரிவுபசாரம். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி எங்கும் நேரத்துக்குப் போக வேண்டியதில்லாதவனுக்குக் கடிகாரம். இயக்குநர் பேசும்போது நான் தயாரித்த வரைபடத்தைத் திரையில் காட்டிப் புகழ்ந்தார். உனக்குத் தெரியும், எங்கள் திட்ட அலுவலகத்தில் கடைசிப் பத்து வருடம் எனக்கு அதுதான் வேலை. மக்களை வயதுவாரியாக அடுக்கி, அறுபதில் ஒரு கோடு போடுவோம். கோட்டுக்குக் கீழே உழைப்போர். மேலே சார்ந்திருப்போர். வரவர மேல்பக்கம் கனத்துக்கொண்டே போகிறது, கீழே இருப்பவர்கள் எப்படிச் சுமப்பார்கள் என்பதுதான் நாட்டின் கவலை. அந்தக் கோட்டை அளவுகோல் வைத்துப் போட்டவன் நான். மூன்று நாளில் நானே அதைத் தாண்டப் போகிறேன்.

மாடி அறைக்கு நன்றி. ஆனால் வர முடியாது. அலுவலகத்தில் என்னை ஆலோசகராக வைத்துக்கொள்ளப் பேச்சு நடக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ சந்தையில் உட்கார்ந்து காய் விற்ற காசில்தான் நான் படித்தேன். ஒரு தடவை உன் சோற்றைத் தின்றாயிற்று. வயதான காலத்தில் மறுபடியும் உன் வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. மகனிடம் ஆஸ்திரேலியாவுக்குப் போகாததும் இதனால்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
இன்சோன்

---

லம்பூன்
2541, அக்டோபர் 30

தம்பிக்கு,

சுகமா? எண்ணெய் தேய்க்கிறேன். மூட்டு தன் பாட்டுக்கு முனகுகிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். இருமல் வந்ததாகப் போனில் சொன்னாயே, போயிற்றா?

உன் கோட்டைப் பற்றிக் கொட்டகையில் சொன்னேன். அடுப்புப் பார்க்கிற சோம் அண்ணனுக்குப் புரியவில்லை. "அறுபதுக்கு மேல நாங்கெல்லாம் என்ன செய்யறதா எழுதியிருக்கு?" என்று கேட்டார். சாப்பிடுவதாக எழுதியிருக்கிறது என்றேன். "சாப்பிடறது சரிதான். அதுக்கு முன்னால என்ன செய்யறோம்னு கேக்கலியா அவரு?" என்றார். கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். நீயே சொல். உங்கள் கணக்கில் நாங்கள் வாய் மட்டும்தானா, கை கிடையாதா?

சோற்றைப் பற்றி எழுதியிருந்தாய். கோபமெல்லாம் வரவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் தராசைக் கட்டிக்கொண்டவள். எனக்குப் போட்டதும் எடுத்ததும்தான் தெரியும், பழைய சோற்றுக்கு வட்டி கேட்கத் தெரியாது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. உன் தனிமைக்காகத்தான் கூப்பிட்டேன். ஆலோசகர் வேலை நல்லபடியாக அமையட்டும்.

உன் அக்கா,
புவாலா

---

பாங்காக்
2541, டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இருமல் போய்விட்டது. அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். விடியற்காலையில் கொட்டகைக்குப் போகும்போது காதை மூடிக்கொள்.

ஆலோசகர் வேலையில் கூட்டங்கள் நிறைய. இன்று கூட அதிலிருந்துதான் வந்தேன். எங்கள் தெருமுனைக் காப்பிக்கடைக்காரர் கெட்டிப்பாலைக் குறைத்துவிட்டார், டாலர் ஏறிவிட்டதாம். பூங்காவில் காலையில் கைகால் அசைத்து உடற்பயிற்சி செய்கிற கூட்டத்தில் ஒரு முன்னாள் நீதிபதி இருக்கிறார். உடும்பு ஒன்று குளத்திலிருந்து ஏறி வந்து வெயில் காய்கிறது. பதினோரு மணிக்கு மேல் அது நிழலுக்குப் போய்விடும். மூன்று மணிக்குத்தான் திரும்ப வரும்.

சோம் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மகன் பேசினான். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதாம்.

அன்புடன்,
இன்சோன்

---

லம்பூன்
2542, பிப்ரவரி 17

தம்பிக்கு,

நீயும் உன் உடும்பும் சுகம்தானே? நான் சுகம். காதை மூடிக்கொண்டுதான் போனேன்.

மரமெல்லாம் பூத்துவிட்டது. போன வருடம் சரியாகப் பூக்காத கிழமரங்கள் கூட இந்தத் தடவை இலை தெரியாமல் பூத்து நிற்கின்றன. காய் பிடித்தால் கிளை தாங்காது. இந்தக் கடிதத்தோடு பச்சைமிளகாய்த் துவையல் ஒரு குப்பி, உலர்பழம் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். துவையலை ஒட்டரிசிச் சோற்றோடு தின்னு. பாங்காக் அரிசியில் போட்டுக் கெடுக்காதே.

உன் கடித உறைமேல் ஒட்டியிருந்த தபால்தலை அழகாக இருந்தது. யானைப் படம். அதைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் புத்தாண்டுக்கு வருவாயா? எங்கள் கொட்டகையில் அன்றைக்கு நடப்பது உனக்குத் தெரியும். வருடம் முழுக்க நான் முதலாளி, விரட்டுவேன், பேரம் பேசுவேன். அன்று ஒரு நாள் சோம் அண்ணனும் கம்னோய் அக்காவும் என்னைவிட மூத்தவர்கள். நான் தரையில் மண்டியிட்டு அவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி, ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, வாழ்த்து வாங்குவேன். போன வருடம் கம்னோய் அக்கா, "நல்லா இரு. கூலிய மட்டும் கொஞ்சம் பாத்துக்க" என்று வாழ்த்தியது. ஈரக் கையோடு பேரம் பேசினால் நான் என்ன செய்ய? ஏற்றிக் கொடுத்தேன்.

நீ வந்தால் நான் உட்கார, நீ ஊற்றலாம். நானும் ஒரு வருடமாவது உட்கார்ந்து பார்க்கலாமே.

உன் அக்கா,
புவாலா

---

பாங்காக்
2542, ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். என் பங்குத் தண்ணீரை இங்கிருந்தே மனத்தில் ஊற்றிவிட்டேன். நலம்தானே? துவையல் தீர்ந்துவிட்டது. பாங்காக் அரிசியில்தான் போட்டுத் தின்றேன். திட்டாதே.

வர முடியவில்லை. கூட்டம் ஒன்று இருந்தது.

போன வாரம் பேருந்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "உக்காருங்க, தாத்தா" என்றாள். எனக்குப் பின்னால் வேறு யாரோ தாத்தா நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன் என்று பொய் சொன்னேன். சொன்னதற்காக இறங்கவும் வேண்டியதாயிற்று. மிச்சத் தூரம் வெயிலில் நடந்தேன். உபோன் உயிரோடு இருந்திருந்தால் தன் புருஷனை நினைத்து ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

உடம்பைக் கவனி.

அன்புடன்,
இன்சோன்

---

லம்பூன்
2542, மே 24

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் திடமாக இருக்கிறேன். உபோனுக்குப் பதில் நான் சிரித்தாயிற்று, கொட்டகையே சிரித்தது. சோம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "குடுத்த எடத்துல உக்காந்திருக்கலாம். அந்தப் பொண்ணுக்கு மனசு கஷ்டமாயிருக்கும்" என்றார்.

சொன்னது போலவே காய் கொத்துக் கொத்தாகப் பிடித்துக் கிளைகள் தரையைத் தொடப் பார்க்கின்றன. இரண்டு வாரமாக மூங்கில் முட்டுக் கொடுக்கிற வேலை. நுனியில் கவை உள்ள மூங்கிலாகப் பார்த்து வெட்டி, ஒவ்வொரு கிளைக்கும் அடியில் நிறுத்தி, கவையில் கிளையை உட்கார வைக்க வேண்டும். கிழமரத்துக்குத்தான் முட்டு அதிகம். இளமரம் அவ்வளவு காய்ப்பதில்லை, அதற்கு எதற்கு முட்டு? ஆள் போதாததால் நானே ஏணியில் ஏறி நின்று கட்டுகிறேன். இன்னும் என் கைக்கட்டு அவிழாது.

லிம் முதலாளி வந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் போனார். விளைச்சல் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார். அவருக்குப் பத்திரம் கிடையாது, முன்பணம் கிடையாது. அறுவடையின் முதல் நாள் வருவார். தராசில் நான் உட்கார்ந்திருப்பேன். எடுத்த பழத்தை நசுக்கிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, தலையாட்டுவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். தராசில் நான் இல்லாவிட்டால் லாரி அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். இருபது வருடமாக அப்படித்தான். இந்த வருடம் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. லாரி நம் வாசலில்தான் நிற்க வேண்டும்.

உன் அக்கா,
புவாலா

---

பாங்காக்
2542, ஜூன் 5

அக்கா,

நான் நலம். அறுபத்தாறு வயதில் ஏணியா? கூலிக்கு ஆள் கிடைக்காவிட்டால் காயை விழ விடு. கிளை ஒடிந்தால் மறுபடி துளிர்க்கும். நீ விழுந்தால் அந்தக் கொட்டகையை யார் பார்ப்பது? இனி ஏறமாட்டேன் என்று எழுதி அனுப்பு. எழுதி வாங்கினால்தான் உன்னை நம்பலாம்.

இன்சோன்

---

லம்பூன்
2542, ஜூலை 6

தம்பிக்கு,

நலம். நீ நலமா? பதில் தாமதம், வேலை அதிகம். பென்சிலில் எழுதுகிறேன் என்று பார்க்காதே. கூடையில் குறி போடக் காதில் செருகி வைப்பதுதான், கைக்கு அதுதான் அகப்பட்டது. புயலில் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது, அதனால் கூப்பிட வேண்டாம்.

ஏணியில் இனி ஏற மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஒரு யோசனை. உங்கள் ஆலோசகர் குழு முதியோரைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறது? அறையில் உட்கார்ந்து பேசுவதற்குப் பதில் ஒரு நடை வந்து பார்த்தால் உங்களுக்குத்தான் பயன். இந்த மாதக் கடைசியில் அறுவடை ஆரம்பம். தராசு நாற்காலி முதுகுக்கு நல்ல வசதி. பொழுதுபோக்காக நீ உட்கார்ந்து பார்க்கலாம். அரசாங்கத்தில் இருந்தவன் முகம், லிம் முதலாளிக்கும் ஒரு மரியாதை. சோம் அண்ணனை உட்காரச் சொன்னால், லிம்மைக் கண்டதும் அவருக்கு வார்த்தை வராது, வியர்வைதான் வரும். நானும் இந்த வருடம் கொஞ்சம் மேற்பார்வையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

கட்டாயம் ஒன்றும் இல்லை. உனக்கு ஒழிந்தால் பார். இல்லாவிட்டால் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வேன். உன் கூட்டங்கள் முக்கியம்.

புவாலா

---

பாங்காக்
2542, ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை சடங்குக்காகக் கேட்கவில்லை. உண்மையாகக் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்தாறு நாளாகப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். "கூட்டம் இருக்கிறது" என்று எழுதத்தான் போனேன். முதுகு வலித்ததால் கட்டிலில் மல்லாந்து படுத்து, அட்டையை மேலே பிடித்துக்கொண்டு எழுதினேன். இரண்டு வரி ஓடியது. பிறகு பேனா எழுதவில்லை. உதறினேன், எழுதியது, மறுபடி நின்றது. நாற்பது வருடம் மேசையில் எழுதியவனுக்கு இது தெரியாது, அக்கா. குமிழ்முனைப் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் மை இறங்காது. வேறு பேனா எடுத்தேன். அதுவும் நின்றது. பென்சில் எடுத்தேன். அது எழுதியது.

உன் கடிதமும் பென்சிலில்தானே இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு எழுந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். ஏணி. அறுந்துபோன தொலைபேசி. மேற்பார்வை. முதுகுக்கு வசதியான நாற்காலி. உன் எழுத்து எப்போதும் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமாக இருக்கும். இதில் ஒரு வரி கூட அழுந்தவில்லை.

எது முறிந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வந்து பார்த்துக்கொள்கிறேன். இருபதாம் தேதி ரயிலில் கிளம்புகிறேன். நிலையத்துக்கு யாரையும் அனுப்பாதே.

நானும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆலோசகர் வேலை என்று ஒன்று கிடையாது. முதல் மாதம் பேசினார்கள், பிறகு அந்தப் பேச்சே இல்லை. கூட்டம் எல்லாம் அந்த உடும்போடுதான்.

வருவதற்கு ஒரு நிபந்தனை. கொட்டகையில் மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி எனக்கும் வேண்டும். மாடி அறைக்கும் சோற்றுக்கும் அதில் பிடித்துக்கொள். விருந்தாளியாக வரமாட்டேன்.

இன்சோன்

---

லம்பூன்
2542, ஜூலை 19

தம்பி இன்சோனுக்கு,

இது உன் வீட்டுக்கு வரும்போது நீ அங்கே இருக்க மாட்டாய். அது தெரிந்துதான் எழுதுகிறேன். நலம் விசாரிக்கவும் இல்லை, பூட்டிய வீட்டை என்னவென்று விசாரிப்பது?

ஏணியில் ஏறாதே என்று நீ எழுதிய மறுவாரமே விழுந்தேன். கிழக்கு ஓரத்துப் பெரிய மரம். முட்டு நின்றது, கிளை நின்றது, நான் நிற்கவில்லை. தொடை எலும்பு. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பிவிட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் மாடியில்தான் கிடக்கிறேன். கம்னோய் அக்கா குளிப்பாட்டுகிறது. என் கூலிக்காரியிடம் நான் குழந்தை மாதிரி கையைத் தூக்கிக் காட்டுகிறேன். அதற்கு இந்த மாதம் கூலி ஏற்ற வேண்டும், அது கேட்கவில்லை, அதனால்தான்.

ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று கொட்டகை ஆட்களின் வாயைக் கட்டியிருக்கிறேன். லிம் காதுக்குப் போனால் லாரி போய்விடும்.

உனக்கும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பதினாறு வயதில் சந்தையில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எதிரே நிற்கிறவனிடம் "எனக்கு இது வேணும்" என்கிற முகத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் விலை போயிற்று. அதில்தான் தோப்பு வாங்கினேன், கொட்டகை கட்டினேன். உனக்கு எழுத உட்காரும்போதும், உட்கார எங்கே, படுக்கும்போதும், அந்த முகம்தான் பென்சிலைப் பிடிக்கிறது. உன் தனிமைக்கு, உன் முதுகுக்கு, உன் குழுவுக்கு என்று வியாபாரம் பேசியிருக்கிறேன். நீ சோற்றுக் கணக்குப் பார்க்கிறவன் என்று தெரிந்தும், "உன்னால் ஆக வேண்டியது இருக்கிறது" என்று ஒரு வரி எழுத எனக்கு வரவில்லை. அந்த ஒரு வரிக்கு நீ அன்றைக்கே ரயில் ஏறியிருப்பாய்.

ஆலோசகர் விஷயம் எனக்கு டிசம்பரிலேயே தெரியும். அரசாங்க வேலையில் இருக்கிறவரை உன் கடிதம் அரசு முத்திரையான கருடன் போட்ட பழுப்பு உறையில், தபால்தலை இல்லாமல் வரும். டிசம்பரில் யானைத் தபால்தலை ஒட்டி வந்தது. எச்சில் தொட்டு நீயே கோணலாக ஒட்டியிருந்தாய். அதைப் பார்த்து அழுதேன். நீ சொல்லாததை நான் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் நீ எதிரே வந்து நின்றால் சொல்ல மாட்டேன். "வந்துட்டியா, சாப்பிட்டியா" என்பேன். அதனால் பூட்டிய வீட்டுக்கு எழுதுகிறேன்.

வா, தம்பி. எனக்கு நீ வேணும்.

புவாலா

---

லம்பூன், கொட்டகை
2542, ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று தெரியும். இங்கிருந்து பார்த்தால் மாடி ஜன்னலில் உன் தலை தெரிகிறது. சோம் அண்ணனை நீ விரட்டுவதும் கேட்கிறது.

உன் கடிதம் இன்று காலை வந்தது. பாங்காக்கில் பக்கத்து வீட்டுக்காரர் முகவரியை அடித்துத் திருப்பியிருக்கிறார். தபால்காரன் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, "ரெண்டுமே லம்பூனா இருக்கே?" என்றான். தராசுப் பக்கம் வைத்துப் படித்தேன். இரண்டு மூட்டை நிறுக்காமல் போய்விட்டது.

படித்ததை உன்னிடம் நேரில் சொல்லப் போவதில்லை. நீ எழுதித்தானே சொன்னாய், நானும் எழுதியே பதில் சொல்கிறேன். கம்னோய் அக்கா கொண்டுவந்து தரும்.

லிம் முதலாளி வந்த அன்று நடந்ததில் ஒரு பகுதியை மறைத்துவிட்டேன். அவர் பழத்தை நசுக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், அது அவருக்குத் தெரியாத முகம். "அக்கா எங்க?" என்றார். வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லும்படி நீ எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். எனக்கு வரவில்லை. "கால் ஒடிஞ்சு படுத்திருக்காங்க. மாடியிலதான்" என்றேன். சோம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கம்னோய் அக்கா கையில் எடுத்த பழத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. லாரி ஓட்டுநர் கூட இஞ்சினை நிறுத்தினான்.

லிம் நசுக்கிய பழத்தைக் கூடையில் போட்டார். பிறகு தன் கால்சட்டையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். நீளமாகத் தழும்பு. "போன வருஷம் குளியலறையில விழுந்தேன். கடையில யாருக்கும் சொல்லல. மூணு மாசம் மேசைக்குப் பின்னாலயே உக்காந்து ஓட்டினேன்" என்றார். அதன் பிறகுதான் மாடி ஏறி உன்னைப் பார்க்க வந்தார். போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவரைக் கண்டது போல நீ இயல்பாக எழுந்து உட்கார்ந்தாயே, அவரும் ஒன்றும் தெரியாதவர் போலச் சந்தை நிலவரம் பேசினாரே, இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நான் படியில் நின்றேன்.

எல்லா லாரியும் நம் வாசலில்தான் நின்றது. ஆனால் கிலோவுக்கு ஒரு பாட் குறைத்துவிட்டார். அதுதான் மறைத்த பகுதி. நீ தராசில் இருந்திருந்தால் அதை விட்டிருக்க மாட்டாய். என் கூலியில் பிடித்துக்கொள்.

என் பழைய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கோட்டைப் பற்றி. அறுபதுக்கு மேல் இருப்பவர்களைச் சார்ந்திருப்போர் என்று எழுதினோமே, யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லி. சேர்ப்பார்களா தெரியாது. கம்னோய் அக்காவின் மகன் நேற்று வந்து மூட்டை தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டான். அம்மாவைப் போய்க் கேள் என்றேன். அவன் அம்மா முதலில் சிகரெட்டைக் கீழே போடச் சொன்னது.

அறுவடை முடிந்து முட்டு மூங்கிலெல்லாம் பிடுங்கி அடுக்கியாயிற்று. விரிசல் கண்டவற்றைச் சோம் அண்ணன் அடுப்புக்குக் கேட்டார், கொடுத்தேன். கிழக்கு ஓரத்துப் பெரிய மரத்தடியில் நின்றதை மட்டும் கொடுக்கவில்லை. உன் அக்குள் உயரத்துக்கு வெட்டி, கவையில் பழைய துணி சுற்றிப் படிக்கட்டின் தலைமாட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாளாயிற்று, படி இறங்கப் பயந்து நீதான் சொல்லாமல் இருக்கிறாய் என்று கம்னோய் அக்கா போட்டுக் கொடுத்துவிட்டது.

நாளைக் காலை இறங்கி வா. மூங்கிலை ஒரு பக்கம் பிடி. இன்னொரு பக்கம் நான் நிற்பேன். கீழே தராசு நாற்காலி காலியாக இருக்கும்.

எனக்கும் நீ வேணும், அக்கா.

இன்சோன்